ரப்பர் சட்டைக்கு வெயில் ஆகாது

தொடாதீக மேடம், தொடாதீக. கோவிச்சுக்கிடாதீக, நகம் பட்டாக் கீறிரும், அதுக்குத்தான் சொல்றேன். உங்களுக்கு வேற நல்லா நீளமா, பாலிஷெல்லாம் போட்டு அழகா இருக்கு. இதத் தூக்கணும்னா இந்தா, இப்படி விரல் சதையால அமுக்கிப் புடிச்சுத் தூக்கணும். கிள்ளி இழுத்தா பிறை மாதிரி ஒரு கீறல் விழும். நாலு தடவை தண்ணிக்குள்ள போனா அந்தக் கீறல் வாயப் பொளந்துரும்.

உக்காருங்க. ஃபேனு இதுக்கு மேல ஓடாது. ராஜபாளையத்துல இருந்து கார்லயா வந்தீக? அதான் தெருவே வாசல்ல நிக்குது.

எங்க வீட்டுக்காரவிய இல்ல மேடம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருக்காக, ஞாயித்துக்கெழமை விருது விழாவுக்கு வேட்டி சட்டை எடுக்க. போன் அடிக்காதீக, எடுக்க மாட்டாக, காதுல செத்த கோளாறு. சட்டையப் பத்தித்தான கேக்க வந்தீக? எங்கிட்டயே கேளுங்க. உங்க சங்கத்துல இருந்து முங்குறதுக்குன்னு இதக் குடுத்து ரெண்டு வருசமாச்சு, சங்கிலிப்பாண்டி ஒழுங்கா வச்சிருக்கானா, இல்ல வித்துத் தின்னுட்டானான்னு பாத்துட்டு வரச் சொல்லியிருப்பாக. அப்படியெல்லாம் இல்லங்கீக. சரி, இல்ல. நல்லாப் பாத்துக்கோங்க, போட்டோவும் எடுத்துக்கோங்க. சட்டை கட்டில்ல படுத்துருக்கு. நாங்க ரெண்டு பேரும் தரையில படுக்கோம். மடிச்சு வச்சா மடிப்புல வெடிச்சிரும், அதான்.

மேடம், அந்த நீச்சல் குளத்து விசயம் நெசந்தானா? நோட்டீஸ்ல போட்டுட்டாகளா? கட்டாயம் உண்டுங்கீக. சரி. அதப் பொறவு பேசுவோம். மொதல்ல சட்டை.

இது கூட ஒரு சீட்டு வந்துச்சு, இங்கிலீசுல. டீச்சரம்மா ஒருத்தவுககிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். கடல்ல முங்கி எந்திரிச்ச பொறவு நல்ல தண்ணியில அலசவும்னு போட்டுருக்காம். மம்சாபுரத்துல இருந்து கடலுக்கு எங்கிட்டுப் போக? எங்களுக்குக் கெணறுதான். மோட்டாரு, பம்பு, குடம், ஆடு, ஆளு, எது விழுந்தாலும் முங்கி எடுக்குறது எங்க வீட்டுத் தொழிலு. கடல்லயாச்சும் உப்பு மட்டுந்தான். நம்ம கெணத்துல ஒண்ணுல பாசி, ஒண்ணுல டீசலு, ஒண்ணுல எவன் எவன் போட்ட பாட்டிலோ. அதனால வீட்டுக்கு வந்த ஒடனே அண்டாவுல முக்கி அரை மணி நேரம் ஊற வைக்கணும். சோப்புப் பவுடர் ஆகாது, பிரஷ்ஷு ஆகாது, வெந்நி ஆகவே ஆகாது. தலைக்குப் போடுற ஷாம்பு பாக்கெட்டு ஒண்ணு, அம்புட்டுத்தான். பொறவு உள்பக்கத்த வெளிய திருப்பி, நெழல்ல போடணும். உள்பக்கந்தான் மொதல்ல காயணும். வெயில்ல போட்டா ரப்பர் வெறச்சு அப்பளம் மாதிரி ஆயிரும். எங்க மாமியா சொல்வாக, ஏட்டி, எம் மகன் வேட்டிய ஒருநாளாச்சும் இப்படி அலசியிருக்கியான்னு. அவுக மகன் வேட்டிக்குக் கீறல் விழாதே.

கம்பிக் கொடியில போடக் கூடாது மேடம், தோள்பட்டையில தடம் விழுந்துரும். அதுக்குத்தான் அந்தா, பிவிசி பைப்புல பழைய சேலையச் சுத்தி வச்சிருக்கேன். ஆரம்பத்துல அந்தக் கூத்து தெரியாம, கொல்லையில வேப்ப மரத்துல தொங்கவிட்டுட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டேன். கை கால் வச்சு, கருகருன்னு, காத்துல லேசா ஆடிக்கிட்டு இருந்துருக்கு. பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் கோழி புடிக்க வந்துருக்காக. அவுக வீட்ல தெலுங்கு. சச்சிபோயாடு, சச்சிபோயாடுன்னு அவுக போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. சங்கிலிப்பாண்டி செத்துட்டான்னு எவனோ ஸ்டேசனுக்கும் போன் போட்டுட்டான். நான் சீனியும் பருப்பும் வாங்கிட்டு வாரேன், நாலு பொம்பளைக என்னையக் கட்டிக்கிட்டு அழுகுதாக. அவிய முன்வாசல்ல பல்லு வெளக்கிட்டு நிக்காக, யாரு செத்ததுன்னு கேட்டுக்கிட்டு. ஏட்டய்யா வந்து ரப்பர் சட்டைய மேலயும் கீழயும் பாத்துட்டு, இனிமே ஆள் இல்லாத சட்டையத் தொங்கவிடாதீகன்னு எழுதி வாங்கிட்டுப் போனாரு.

சிரிங்க மேடம், சிரிங்க. அன்னைக்கி எனக்கு அழுகையா வந்துச்சு.

நீங்க அப்ப சங்கத்துல இல்லையோ? சட்டை குடுத்த விழா மே மாசம் மேடம். அக்கினி நச்சத்திரம். கல்யாண மண்டபத்துல மேடை போட்டு, சட்டைய மாட்டிக்கிட்டுத்தான் நிக்கணும்னுட்டாக. அப்பத்தான போட்டோ நல்லா வரும். உள்ள போயி மாட்டப் பாத்தா இடுப்புக்கு மேல ஏறல. நாலு பேரு பவுடரக் கொட்டி, கால்ல பாலித்தீன் பையக் கட்டி இழுத்தாக. எப்படியோ ஏறிருச்சு, ஆனா முதுகு ஜிப்பு பூட்டல. அப்படியே விட்டுட்டாக. முன்னாடி இருந்து மட்டும் எடுங்கப்பான்னு போட்டோக்காரர்கிட்டச் சொல்லிட்டாரு உங்க தலைவரு. ஒன்றரை மணி நேரம் பேசுனாக மேடம். தியாகம், சேவை, வீரம். அவிய மூச்ச எக்கிக்கிட்டு நிக்காக. விழா முடிஞ்சு மேடையை விட்டு எறங்குனா, ரெண்டு கால் வழியாவும் வேர்வை சலசலன்னு ஊத்துது. முன் வரிசையில இருந்தவுக வேற மாதிரி நெனச்சு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக.

ஏன் பூட்டலன்னு வீட்டுக்கு வந்து கழுத்துப் பட்டையில இருந்த துணிச்சீட்டப் பாத்தாத்தான தெரியுது. லேடீஸ் சைஸு. உங்க தலைவரு மக அந்தமான் போறப்ப வாங்கி, ஒரே ஒரு நாள் போட்டதாம். குத்தம் சொல்லல மேடம். நல்ல மனசோடதான் குடுத்துருக்காக. ஆளுக்கு அளவு எடுக்கணும்னு தோணல, அம்புட்டுத்தான். இன்னொண்ணும் தெரியுமா? இதப் போட்டா ஆளு முங்காது. மெதக்கும். முங்குறவனுக்குக் குடுத்த சட்டை முங்க விடமாட்டேங்குது! பொறவு தராசுப் படிக்கல்லு, ரெண்டு கிலோ கல்லா நாலு வாங்கி, பழைய பெல்ட்டுல கோத்து இடுப்புல கட்டுனாத்தான் உள்ள போகும். ஆனா ஒண்ணு, சட்டை நல்ல சட்டைதான். மார்கழி மாசத்துல அம்பது அடிக்குக் கீழ கெடக்குற தண்ணியில ரெண்டு மணி நேரம் கெடந்தாலும் வெறைக்காது. முந்தியெல்லாம் கால் மணி நேரத்துல உதடு நீலம் பாஞ்சிரும்.

முழங்கால்லயா? அது ஒட்டு. சைக்கிள் கடை பால்பாண்டி அண்ணன் போட்டது, பஞ்சர் சொல்யூஷன் தடவி. பழக்க தோசத்துல சட்டையத் தொட்டிக்குள்ள முக்கி காத்து முட்டை வருதான்னு பாத்தாரு. ஒட்டு இன்னைக்கு வரைக்கும் பிரியல. ஜிப்புக்கு மெழுகுவத்திய தேச்சு விடுவேன்.

யுவராணிப் புள்ளையக் காப்பாத்துனதா? அதச் சொல்லாம விடுவேனா. அதுக்குத்தான விருதே. சோழபுரம் பக்கத்துல வளைவுல ஒரு கெணறு, சுத்துச் சுவரு கெடையாது. அந்தப் புள்ள பேங்க்குக்கு வேலைக்குப் போயிருக்கு, ஸ்கூட்டியில. மயிலு குறுக்க வந்துருச்சு. புள்ளையும் ஸ்கூட்டியும் சேந்து கெணத்துக்குள்ள. ஸ்கூட்டி அடியில போயிருச்சு. புள்ள மோட்டார் பைப்பக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுக் கழுத்தளவு தண்ணியில தொங்குது. மேல இருந்து நூறு பேரு. ஆளாளுக்கு யோசனை. கயித்தப் போடு, ஏணியப் போடு, சேலையப் போடு. செல்போன்ல படம் எடுத்தவன் மட்டும் யோசனை சொல்லல, அவனுக்கு வேலை இருந்துச்சு. கயித்தப் போட்டா அது பைப்ப விட்டுட்டுல்ல கயித்தப் புடிக்கணும்? விட மாட்டேங்குது. பயம் மேடம். கை பைப்போட வெல்டிங் வச்ச மாதிரி ஒட்டிக்கிட்டுருச்சு.

எங்களுக்கு போன் வந்து, டிவிஎஸ் வண்டியில பறந்து போயி, சட்டைய மாட்டி, கயித்துல எறங்குறப்ப மணி பதினொண்ணு. புள்ள ஒரு மணி நேரமாத் தொங்கியிருக்கு. அதுக்கு நெதானமே இல்ல. கிட்டப் போனதும் கழுத்தச் சுத்தி வளைச்சு அமுக்கப் பாக்குது. அந்த நேரம் ரெண்டு பேரும் போயிருக்கணும். காதுக்குள்ள போயி, ஏட்டி, கண்ண மூடு, நான் இருக்கேம்ல, உங்கம்மா மேல நிக்கா, மூச்ச மட்டும் விடுன்னு சொன்னதும் கை தளந்துச்சு. அப்படியே இடுப்புல கயித்தக் கட்டி மேல ஏத்தியாச்சு. பொறவு மறுபடி முங்கி ஸ்கூட்டியில கொக்கி மாட்டி அதையும் எடுத்தாச்சு. புள்ள இப்ப அதே ஸ்கூட்டியிலதான் வேலைக்குப் போகுது.

ஆனா அதுலதான் வெனையே. அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும், கெணத்துக்குள்ள எங்கிட்டப் பேசுனது ஒரு பொம்பளைக் கொரலுன்னு சொல்லிருச்சு. அம்புட்டுத்தான். அம்மனே சங்கிலிப்பாண்டி மேல எறங்கிப் பேசியிருக்கான்னு ஊரு முடிவு பண்ணிருச்சு. சோழபுரம் வெலக்கு ரோட்டுல ஃப்ளெக்ஸ் பாத்தீகளா? அவிய தலைக்குப் பின்னாடி வட்டமா வெளிச்சம் போட்டு, கீழ படகு மாதிரி மீசை வரைஞ்சு. அவியளுக்கு மீசையே கெடையாது. இப்ப வெள்ளிக்கெழமையானா சட்டையக் கும்புட ஆள் வருது மேடம்! மஞ்சத் தண்ணி ஊத்துறாக. எலுமிச்சம்பழத்த அறுத்து நெஞ்சுல தேய்க்காக. புளிப்புப் பட்டா ரப்பர் என்னத்துக்கு ஆகும்? ஒரு அம்மா கற்பூரத் தட்டோட வந்துட்டா. தாயே, சாமிக்கு வெளக்கு ஆகாதும்மா, குளுந்த சாமின்னு சொல்லித்தான் அணைக்க வச்சேன். உங்க சீட்டுல பராமரிப்பு எப்படின்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எழுதிக்கோங்க, பக்தர்கள்கிட்ட இருந்து காப்பாத்தப்படுதுன்னு.

இதுக்கு முந்தி ஒரு ஊரு, பேரு வேணாம். அம்மன் கோயில் கெணத்துல அபிசேகக் குடம் விழுந்துருச்சு. அந்தக் கெணத்துப் பக்கம் பொம்பளை நெழலே படக் கூடாதாம். அம்மன் பொம்பளை தானன்னு கேட்டுறாதீக, அடிக்க வருவாக. நானும் கூடப் போனேன், என்னையப் பாத்ததும் பூசாரி, நீ அந்த மோட்டார் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு இரு தாயின்னுட்டாரு. எங்க போனாலும் இதுதான் மேடம். சட்டை மாட்டுறது மோட்டார் ரூமுக்குள்ளதான். மாட்டி முடிச்சதும் கதவத் தெறந்து, கருப்பா, தொப்பியும் கண்ணாடியுமா வெளிய வந்து நேரா கெணத்துக்குள்ள எறங்கியாச்சு. யாருகிட்டயும் பேச்சுக் கெடையாது. முங்குற அன்னைக்கி மௌன விரதம்னு ஊருக்குள்ள சொல்லி வச்சிருக்கோம். மூணாவது முங்குல குடம் வந்துருச்சு. பூசாரி கண்ணு கலங்கிட்டாரு. ரப்பர் தொப்பி மேலயே பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, கால்ல விழுந்தாரு மேடம். கால்கிட்டக் கழட்டிப் போட்டுருந்த படிக்கல்லு மேலயே நல்லா நெத்தி இடிச்சிருச்சு.

என்ன மேடம், மணி பாக்கீக. போகணுமா? செத்த நேரம் இருங்க. அந்த நீச்சல் குளம். ஞாயித்துக்கெழமை என்ன செய்யப் போறீகன்னு மறுபடி ஒருக்கச் சொல்லுங்க. அந்த ஸ்கூல் குளம் பதினஞ்சு அடி. சிறப்பு விருந்தினரு விருதக் குளத்துக்குள்ள போடுவாரு. அவிய முங்கி அவிய விருத அவியளே எடுத்துக்கணும். மேல வந்து தொப்பியக் கழட்டி, சல்யூட் வச்சு, நாலு வார்த்தை பேசணும். கையில குடுத்தா விருது சேராதா மேடம்? புதுமையா இருக்கணும்னு தலைவரு ஆசைப்படுதாரு. சரிதான்.

மாத்த முடியாதுங்கீக. நோட்டீஸ் அடிச்சாச்சு. டிவிக்காரன் வாரான்.

காதுல செத்த கோளாறுன்னு சொன்னேன்ல மேடம். செத்த இல்ல. சட்டை குடுத்த மறு மாசமே, மோட்டார் எடுக்கப் போயி, சவ்வு கிழிஞ்சு ரத்தமா வந்துருச்சு. பெரியாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு, இனிமே தலைக்குத் தண்ணி ஊத்துறதா இருந்தாக்கூட காதுல பஞ்சு வச்சுத்தான் ஊத்தணும், உள்ள தண்ணி போனா மேல எது கீழ எதுன்னு தெரியாது, அடியப் பாத்து நீந்துனாலும் நீந்திருவீகன்னு. நான் ராத்திரியும் பகலும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்காக. ஒரு தடவை தான, எடுத்துட்டு வந்துருவேன், ஊரே பாக்குதப்ப மாட்டேன்னா நல்லாவா இருக்கும்ங்காக. புது வேட்டி எடுக்கப் போயிருக்காக மேடம், புது மாப்பிள்ளை கணக்கா. அவிய ஊர்ல இல்லாத நேரம் பாத்துத்தான் உங்களுக்குப் போன் போட்டு, சட்டையப் பாக்க வாரதா இருந்தா இன்னைக்கு வாங்கன்னு சொன்னதே.

அதனால ஒண்ணு செய்யுங்க. விழாவ நிப்பாட்ட வேணாம், நோட்டீஸ மாத்த வேணாம். அவியளத் தண்ணிக்குள்ள மட்டும் எறக்காதீக. நான் முங்கி எடுத்துக்கிடுறேன். பதினஞ்சு அடியெல்லாம் எனக்கு ஒரு மூச்சு. ரெண்டு வருசமா நாந்தான முங்குறேன்.

பேனா கீழ விழுந்துருச்சு பாருங்க.

ஆமா மேடம், எல்லாமே. சோழபுரத்துக் கெணறும், கோயில் கெணறும். மோட்டார் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு இருந்தது அவிய. உள்ள ஒரு பொம்பளப் புள்ள உக்காந்துருக்கே, பாவம்னு சன்னல் வழியா டீயும் வடையும் குடுப்பாக. கைய மட்டும் நீட்டி வாங்கிக்கிடுவாக. என் வளையல் ரெண்டு அவிய கையில கெடக்கும்.

எங்கய்யா கெணறு வெட்டுறவரு மேடம். அஞ்சு வயசுல என்னையத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டாரு. பெரிய மனுசியானதும் அவரே வேண்டாம்னுட்டாரு. பதினெட்டு வருசம் கெணத்த எட்டிப் பாத்ததில்ல. அவியளுக்குக் காது போன பொறவு ஒரு சம்சாரி வயக்காட்டுல இருந்து ஓடி வந்து வாசல்ல நின்னாரு, மோட்டார் உள்ள விழுந்து கெடக்கு, நெல்லு கருகுதுன்னு. இவிய எந்திரிச்சு வேட்டிய மடிச்சுக் கட்டுறாக. நான் வேணாம்னு சட்டைய எடுத்து மாட்டுனேன். ஜிப்பு தானா மேல போச்சு. முங்குனதும் எனக்கு ஒண்ணும் மறக்கல மேடம். உள்ள போனா ஒரு சத்தம் இருக்காது. ஏட்டின்னு கூப்புட ஆள் இருக்காது. ரெண்டு நிமிசம் எனக்கே எனக்குன்னு இருக்கும்.

தெரிஞ்சா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். பூசாரி கெணத்தக் கழுவணும்பாரு. ஃப்ளெக்ஸக் கிழிப்பாக. கொஞ்ச நாளைக்கு எவனும் கூப்புட மாட்டான். மறுபடி மோட்டார் விழத்தான செய்யும்? அப்ப வருவாக. அவிய கோவிப்பாக, ஒரு வாரம் பேச மாட்டாக. கோவிச்சுக்கிட்டு வீட்ல கெடக்கட்டும் மேடம். கொளத்து அடியில கெடக்க வேணாம்.

தலைவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவரு மக சட்டை இன்னமும் ஒரு பொம்பளை மேலதான் கெடக்குன்னு சொல்லுங்க, சந்தோசப்படுவாரு. என்னது, விருதுல பேரா? செதுக்குறதுக்கு இன்னைக்கே குடுக்கணுமா?

மாரிச்செல்வி. நடுவுல ஒரு ச் வரும் மேடம், ரேஷன் கார்டுல விட்டுட்டான்.